நாலெல்லைக்குட்பட்ட பட்டம்

ஆங்கிலேயக் காணிக்காரக் குடும்பம் ஒன்றின் பரம்பரைப் பட்டத்தை, அதற்கு உரிமையுள்ள மனிதரிடமிருந்து பறித்து, உரிமையே இல்லாத ஒரு மருமகனுக்கு நான் கொடுத்திருக்கிறேன். அப்போது எனக்கு இருபத்தாறு வயது. யாழ்ப்பாணக் கச்சேரியில், அதாவது வடபகுதியை ஆண்ட ஏசண்டுத் துரையின் கந்தோரில், கடைசி வரிசைக் கிளாக்கர். அரசனும் பாராளுமன்றமும் கூடிச் செய்யவேண்டிய காரியத்தை, ஒரு கால் கட்டையான வாங்கில் இருந்துகொண்டு, வாயால் மட்டும் செய்து முடித்தேன். இதை என் பிள்ளைகளுக்கு இன்றுவரை சொன்னதில்லை. அச்சில் வந்தால் அவர்கள் வாசிக்கமாட்டார்கள் என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

குற்றத்துக்குக் கருவி ஒரு புத்தகம். இரண்டாம் உலகச் சண்டைக்கு நாலைந்து வருசம் முந்தி, சீமைக்குத் திரும்பிப் போகிற ஒரு துரையின் தளபாடங்களை ஏலம் போட்டார்கள். நான் கண் வைத்துப் போனது ஒரு சாய்மனைக் கதிரையில். அது வழக்குப் பேசுகிற ஒரு பிரக்கிராசியாரிடம் போய்விட்டது. வெறுங்கையோடு வீடு திரும்ப வெட்கமாக இருந்ததால், செங்கல் பருமனில், சிவப்புத் தோல் அட்டையும் பொன் எழுத்துமாகக் கிடந்த ஒன்றைக் கேட்டு வாங்கினேன். இங்கிலாந்தில் பட்டம் பெற்ற குடும்பங்கள் எல்லாம் அதில் இருந்தன. யாருக்கு யார் பிறந்தார், யாருக்குப் பிறகு யார் வந்தார் என்பதையும், இடைக்கிடை பொடி எழுத்தில் அவரவர் செய்த கூத்தையும் தவிர அதில் வேறு ஒன்றும் இல்லை.

நான் அந்தக் காலத்தில் நாவல்களை மாதத்துக்குப் பத்து என்று விழுங்குகிறவன். இந்தப் புத்தகம் அவற்றையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது. எல்லாரும் செத்துப்போவார்கள், கடைசியில் யாராவது ஒருவருக்கு ஒரு பெரிய வீடு கிடைக்கும். கதைக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? அதிலும் ஒரு பரோனற் குடும்பத்தின் மேல் எனக்குத் தனிக் காதல் பிடித்துவிட்டது. பரோனற் என்பது பெயருக்கு முன்னால் 'சேர்' போட்டுக்கொண்டு, செத்த பிறகு அந்த 'சேர்' என்ற சொல்லையும் மகனுக்கு விட்டுப்போகிற பட்டம். கந்தோரில் கோவைகளுக்கு நூல் கட்டும்போதும் எனக்கு அந்தக் குடும்பத்தின் நினைவுதான். யாராவது சுகம் விசாரித்தால், மூன்றாவது சேர் எப்படி இருக்கிறார் என்று கேட்கிறார்களாக்கும் என்று தோன்றும்.

அதே காலத்தில் எனக்கு ஒரு கலியாணப் பேச்சு வந்தது. பெண்ணின் தகப்பன் தெல்லிப்பழைப் பக்கத்தில் ஓர் உடையார். அதாவது, சுற்றியிருந்த ஏழெட்டு ஊர்களுக்குத் தலைமைக்காரர். அந்தந்த ஊர் விதானைமார் அவருக்குக் கீழே. அவருடைய தகப்பன் உடையார், பாட்டன் உடையார், பூட்டனும் உடையார். இது நாங்கள் கொடுக்கிற உத்தியோகம் என்பது அரசாங்கத்தின் எண்ணம். இது எங்கடை பரம்பரைச் சொத்து என்பது குடும்பத்தின் எண்ணம். இரண்டு பகுதியும் இதைப்பற்றி ஒருநாளும் நேருக்கு நேர் கதைத்ததில்லை என்பதால் இரண்டு பேரும் சந்தோசமாக இருந்தார்கள். இப்போது ஒரு சிக்கல். உடையாருக்கு ஆண்பிள்ளை இல்லை. ஒரே ஒரு மகள்.

அந்த மகளை நான் ஒருமுறை கண்டிருந்தேன். தேர்த் திருவிழா. ஊரே தேரைப் பார்க்க, அவள் கச்சான் கடலை சுற்றி வந்த ஆங்கிலப் பத்திரிகைத் துண்டை விரித்துப் பிடித்து, கிழிந்த இடத்துக்கு அப்பால் என்ன இருந்திருக்கும் என்று யோசிக்கிற முகத்தோடு வாசித்துக்கொண்டு நின்றாள். தேர் எப்போது இருப்புக்கு வந்தது என்று எனக்கும் தெரியாது. அன்றிலிருந்து எனக்கு அந்தக் கலியாணம் நடக்கவேண்டும். வேறு எதுவும் நடக்காவிட்டாலும் பரவாயில்லை.

உடையாருக்கோ தன் பட்டத்தைச் சுமக்கக்கூடிய மருமகன் வேண்டும். மாப்பிள்ளையிடம் வெள்ளைக்காரப் பட்டங்களின் சரித்திரம் முழுக்க இருக்கிறது என்று தரகர் சொன்னதுதான் தாமதம், சாதகப் பொருத்தத்தை ஒருபக்கம் வைத்துவிட்டு, புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்லி ஆள் அனுப்பினார். கலியாணத்துக்கு முந்தி மாப்பிள்ளை பெண் வீட்டுப் படலையைத் திறக்கிறது எங்கள் பக்கத்தில் நடவாத காரியம். ஆகவே இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த, காணி உறுதிப் பத்திரம் எழுதுகிற நொத்தாரிசு ஐயாவின் வீட்டில், ஞாயிற்றுக்கிழமைக் காலையில் சந்திப்பதென்று ஏற்பாடு. நான் ஆங்கிலத்தில் பார்த்துத் தமிழில் சொல்லவேண்டும். உடையார் கேட்பார். உறுதி எழுதிக்கொண்டே நொத்தாரிசும் கேட்பார்.

முதல் ஞாயிறு முதலாவது சேர். அவர் கம்பளி வியாபாரி. அரசனுக்குச் சிப்பாய்களுக்குச் சாப்பாடு போட வழியில்லாமல் போன சமயம். முப்பது சிப்பாய்களுக்கு மூன்று வருசச் செலவை ஏற்கிறவர்களுக்கு அரசன் பட்டம் கொடுத்தான். கம்பளிக்காரர் ஏற்றார். உடையார் இதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்ப துரைமாரும் கைக்குள்ளை வைச்சுத்தானோ பட்டம் எடுத்தவை?" என்று கேட்டார். அந்தக் குரலில் இருந்தது கண்டனம் இல்லை, சொந்தக்காரனைக் கண்டுபிடித்த மகிழ்ச்சி.

இரண்டாவது சேர் காலத்தில் அரசனுக்கும் பாராளுமன்றத்துக்கும் சண்டை. அவர் காலையில் அரசன் பக்கம், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மற்றப் பக்கம். இரண்டு பக்கத்து ஆட்களும் ஒரே நேரத்தில் வந்த அன்று புறாக்கூட்டுக்குள் ஒளித்திருந்தார். மூன்றாவது சேருக்குத் தன் யன்னலால் பார்க்கும்போது ஒரு கிராமம் தெரிந்தது. அது அழகாக இல்லை என்று கிராமத்தையே கிளப்பி மலைக்கு அப்பால் வைத்தார். இந்த இடத்தில் உடையார் வாசிப்பை நிறுத்தச் சொல்லிவிட்டார். பக்கத்து வளவுக்காரனோடு அவருக்குப் பன்னிரண்டு வருசமாக வேலிச் சண்டை.

"அவர் ஊரையே தள்ளி வைச்சார். எனக்கு ஒரு வேலிக் கதியாலைத் தள்ளி நட ஏலாமல் கிடக்கு," என்றார். அந்த ஞாயிறு அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை.

நாலாவது ஞாயிறு. நாலாவது சேருக்கு ஏழு பிள்ளைகள், ஏழும் பெண். இதை நான் சொன்னதும் நொத்தாரிசின் பேனை நின்றது. உடையார் வெற்றிலையை வாயில் ஒதுக்கி வைத்துக்கொண்டு சப்ப மறந்துபோனார்.

புத்தகத்தில் அடுத்து இருந்ததை இங்கேயாவது ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். நாலாவது சேர் செத்ததும் பட்டமும் வீடும் காணியும் அவருடைய சிற்றப்பனின் பேரனுக்குப் போயின. அவர் எங்கேயோ ஒரு சின்னக் கோயிலில் குருவானவர், கோழி வளர்த்துக்கொண்டிருந்தவர். பட்டம் வந்திருக்கிறது என்று சொல்லப் போனவர்களை, கோழிகளுக்குத் தீன் போட்டுவிட்டு வருகிறேன், நில்லுங்கள் என்றாராம். விதவையும் ஏழு பெண்களும் ஒரு மாதத்துக்குள் வீட்டைவிட்டு வெளியேறினார்கள். பெட்டைக்கோழிகள் உள்ளே போயின.

இதைத்தான் நான் வாசித்தேன். ஆனால் நிமிர்ந்து பார்த்தால் எதிரே உடையாரின் முகம். ஒரு மகளை வைத்துக்கொண்டு, இங்கிலாந்து என்ன தீர்ப்புச் சொல்லப்போகிறது என்று காத்திருக்கிற முகம்.

"பிறகு?" என்றார்.

"பிறகென்ன," என்றேன், "எல்லாம் மூத்த மகளின்ரை புருசனுக்குத்தான்."

சொன்ன பிறகு, அழகுக்காக, அவர் ஒரு கந்தோரில் எழுதுவினைஞராக இருந்தவர் என்றும் சேர்த்துக்கொண்டேன்.

உடையார் எழுந்து நின்றார். வீடு பெண்பிள்ளைக்கு என்கிற எங்கள் தேசவழமைச் சட்டம் இங்கிலாந்திலும் இருக்கிறது என்றும், இந்த வெள்ளைக்காரரைத் தாம் இத்தனை காலம் பிழையாக நினைத்துவிட்டதாகவும் சொன்னார். பிறகு நொத்தாரிசைப் பார்த்து, பிள்ளையின் சீதன உறுதியில் உடையார் பட்டத்தையும் சேர்த்து எழுதுங்கோ என்றார்.

நொத்தாரிசு ஐயா நாற்பது வருசமாக உறுதி எழுதுகிறவர். கறவைப்பசு எழுதியிருக்கிறார், கிணற்றில் தண்ணீர் இறைக்கிற முறை எழுதியிருக்கிறார், கோயிலில் ஐந்தாம் திருவிழாச் செய்கிற உரித்தைக்கூட ஒரு பெண்ணுக்குச் சீதனமாக எழுதியிருக்கிறார். பட்டத்தை எழுதுவதில் அவருக்குச் சட்டச் சிக்கல் ஒன்றும் தெரியவில்லை. தெரிந்தது ஒரே ஒரு சிக்கல்தான்.

"எல்லை வேணும்," என்றார். "நாலெல்லை இல்லாமல் நான் ஒரு ஆதனமும் எழுதினதில்லை."

பட்டத்துக்கு எல்லை எது என்று அன்று மத்தியானம் வரை கதைத்தோம். மரியாதை எதுவரை போகிறது என்று பார்க்கவேண்டும் என்பது நொத்தாரிசின் கட்சி. உடையார் கண்ணை மூடி யோசித்து, வடக்கே கடல் வரைக்கும் ஆட்கள் தன்னைக் கண்டால் சால்வையை இறக்குவார்கள், கிழக்கே சந்தைக்கு இந்தப் பக்கம்தான், சந்தைக்குள்ளே ஒருவனும் கவனிப்பதில்லை என்று நேர்மையாகச் சொன்னார். தெற்கு, ரயில் பாதை. மேற்கு எல்லையில்தான் அந்த வேலிச் சண்டைக்காரன். அவன் மரியாதை தருவதில்லை, ஆகவே பட்டம் அவன் வேலியோடு நிற்கிறது. இப்படியாக, 'வடக்கு கடல், கிழக்கு சந்தை, தெற்கு புகையிரதப் பாதை, மேற்கு வழக்கிலுள்ள வேலி. இந்நாலெல்லைக்குட்பட்ட உடையார் பட்டமும், அதன் வழி வாய்க்கால், வான்பயிர் செய்பயிர் உரித்துக்களும்' என்று உறுதி எழுதப்பட்டது. பட்டத்தில் எந்த மரம் நிற்கிறது, வான்பயிர் எதற்கு என்று நான் கேட்டேன். வழக்கமாக எழுதுகிறது, விட்டால் பிறகு பிரச்சினை வரும் என்றார் நொத்தாரிசு.

இந்த இடத்திலாவது நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொன்னால் கலியாணம் போய்விடும். தவிர, எனக்கு அந்த உறுதி பிடித்திருந்தது. சைக்கிளில் வீட்டுக்குப் போகும்போது ரயில் பாதையைக் கடந்த இடத்தில், இப்போது என் பட்டத்தைவிட்டு வெளியே வந்துவிட்டேன் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டு போய், ஒரு மாட்டு வண்டிலில் மோதினேன்.

உறுதி மட்டும் போதாது, கச்சேரியும் ஒத்துக்கொள்ளவேண்டும் என்று உடையாருக்குத் தெரியும். ஏசண்டுத் துரைக்கு விண்ணப்பமாக ஒரு பெட்டிசம் வேண்டும். ஆங்கிலத்தில் யார் எழுதுவது? எழுதினேன். பட்டம் மருமகனுக்கு இறங்குவது இங்கிலாந்திலேயே உள்ள வழக்கம் என்று எழுதி, உடையார் தலைக்கு மேல் நின்று சொன்னபடி, புத்தகத்தின் பக்க எண்ணையும் போட்டேன். என் கையெழுத்தைக் கண்டுபிடிப்பார்களே என்று, கச்சேரி மரத்தடியில் பெட்டிசம் எழுதுகிறவரைக் கொண்டு நல்ல பிரதி எடுப்பித்தோம். அது தபாலில் வந்து, எங்கள் கந்தோரின் வழக்கப்படி, துரைக்கு எடுத்துவைக்கச் சொல்லி என் மேசைக்கே வந்து சேர்ந்தது.

மூன்று நாள் அதன்மேல் மைக்கூட்டை வைத்திருந்தேன். நாலாம் நாள் உடையாரே நேரில் வந்து, பெட்டிசம் எங்கே நிற்கிறது என்று என்னிடம் கேட்டார். அன்று பின்னேரம் அது மேலே போனது.

துரை உடையாரை அழைப்பித்தார். வழக்கமாகத் துரையின் பேச்சை மொழிபெயர்க்கிற முதலியாருக்கு அன்று காய்ச்சல். பெரிய கிளாக்கர் சுற்றிவரப் பார்த்து, என்னைப் பிடித்துத் துரையின் அறைக்குள் தள்ளிவிட்டார். உடையார் என்னைக் கண்டதும் ஒரு கண்ணால் சிரித்தார். மருமகனே மொழிபெயர்ப்பு, இனி என்ன குறை?

துரை மெலிந்த மனிதர். பெட்டிசத்தைக் கையில் வைத்துக்கொண்டு, தலைமைக்காரர் வேலை அரசாங்கம் கொடுப்பது, காணி மாதிரி இறங்குவது அல்ல என்று மெதுவாக ஆங்கிலத்தில் சொன்னார்.

"துரை யோசிப்பம் எண்டு சொல்லுறார்," என்றேன்.

அந்தப் பக்கத்தைத் துரை பார்த்தாரோ என்று கேட்கச் சொன்னார் உடையார். துரை எழுந்துபோய்த் தம் அலுமாரியிலிருந்து அதே புத்தகத்தை எடுத்து வந்தார். என்னுடையதைவிடப் புதிய அச்சு. தோலில் மினுக்கம் போகவில்லை. விரல் வைத்துக் காட்டி, பெண்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை, கோழி வளர்த்த குருவானவருக்கே எல்லாம் போனது என்றார்.

"துரையும் பாத்தவராம். பக்கம் சரியாம்," என்றேன். ஒரு விதத்தில் அது உண்மை. பக்கம் சரிதான்.

துரை புத்தகத்தை மூடினார். என்னைப் பார்த்தார். பிறகு தமிழில் பேசினார்.

"இலிகிதரே, யான் உரைத்தது அஃதன்று. புதல்வியர் எழுவரும் யாதொன்றும் பெற்றிலர். குருவானவரே பட்டம் எய்தினார்."

துரைமார் எல்லாரும் உத்தியோகம் உறுதியாவதற்காகத் தமிழ்ப் பரீட்சை பாஸ் பண்ணியவர்கள் என்பது எனக்குத் தெரியும். அந்தத் தமிழை ஒருவர் வெளியில் எடுப்பார் என்பதுதான் தெரியாது.  உடையார் அமைதியாக என் பக்கம் திரும்பினார்.

"துரை என்ன பாசை கதைக்கிறார், தம்பி?"

அப்போது எனக்கு ஒரு வழி திறந்துதான் கிடந்தது. நான் இன்னொரு பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் இரண்டு பேரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவர் பரீட்சை பாஸ் பண்ணியவர். ஆகவே அன்று, என் வாழ்க்கையிலேயே முதலும் கடைசியுமாக, தமிழிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்த்தேன். ஒரு சொல்லும் விடவில்லை. ஏழு பேருக்கும் ஒன்றுமில்லை. எல்லாம் கோழிக்காரருக்கு. நான் வாசித்தது பொய்.

உடையார் என்னைப் பார்க்கவேயில்லை. அந்த ஏழு பிள்ளைகளும் பிறகு எங்கே போனார்கள் என்று துரையிடம் கேட்கச் சொன்னார். துரை திரும்பவும் புத்தகத்தைத் திறந்தார். நாலு பேர் கலியாணம் செய்திருக்கிறார்கள், மற்ற மூன்று பேரைப்பற்றி இதில் இல்லை என்றார். ஏன் இல்லை என்றார் உடையார். பட்டம் அந்தப் பக்கம் போகவில்லையே, அதனால்தான் என்றார் துரை. சொல்லிவிட்டு, தன்னுடைய வீட்டிலும் அப்படித்தான், தகப்பன் ஒரு பரோனற், எல்லாம் தமையனுக்கு என்று தானாகவே சொன்னார்.

"அவருக்கு வீடு, காணி, குதிரைகள். எனக்கு யாழ்ப்பாணம்."

இதை நான் மொழிபெயர்த்ததும் உடையாரின் முகம் மாறியது. இதுவரை அவர் அரசாங்கத்துக்கு முன்னால் நின்றவர். இப்போது ஒன்றும் எழுதி வைக்காமல் விட்ட ஒரு பிள்ளைக்கு முன்னால் நின்றார்.

"தம்பி, துரையிட்டைச் சொல்லும். எங்கடை ஊரிலை பிறந்திருந்தால் முதுசத்திலை அவருக்கும் ஒரு பங்கு வந்திருக்கும்."

சொன்னேன். துரை தலையைக் குனிந்து நன்றி சொன்னார். பட்டம் கேட்டு வந்தவர் அதை மறந்தே போனார். அடுத்த நாள் ஒரு முழுக் குலை கப்பல் வாழைப்பழம் துரையின் பங்களாவுக்குப் போனது. உத்தியோகத்தர் அன்பளிப்பு வாங்கக்கூடாது என்ற சட்டத்தால் ஒரு சீப்பை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பி அனுப்பினார் என்று கேள்வி. உடையார் அதைக் கேட்டும், பாவம், சட்டத்தால் கெட்டுப்போன குடும்பம் என்றாராம்.

எனக்கு உடையார் பழமும் அனுப்பவில்லை, ஆளும் அனுப்பவில்லை. அன்று கச்சேரிப் படியில் இறங்கி, ஒற்றை மாட்டுத் திருக்கல் வண்டிலில் ஏறி, திரும்பிப் பார்க்காமல் போனார். ஒரு கிழமை நான் சோற்றைப் பார்த்தேன், சோறு என்னைப் பார்த்தது. கச்சான் சுற்றின பேப்பரைக் கண்டால் மறுபக்கம் பார்த்துக்கொண்டு போனேன். எட்டாம் நாள் நொத்தாரிசு ஐயா குடையும் உறுதியுமாக வந்தார். உறுதியைத் திருப்பித் தரத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து, வாங்கிப் பிரித்தேன். பட்டம் எழுதின வரிகள் மட்டும், நாலெல்லையோடும் வான்பயிரோடும், ஒரு கோட்டால் வெட்டப்பட்டிருந்தன. ஓரத்தில் உடையாரின் கையொப்பம். மற்றதெல்லாம் அப்படியே இருந்தது. கலியாண நாளும் குறித்திருந்தது.

"ஏனாம்?" என்று கேட்டேன்.

"எனக்கு வெட்டச் சொன்னவர். வெட்டினன். உமக்கு நாள் சரிவருமோ?" என்றார்.

சரிவந்தது. கலியாணம் முடிந்து, சடங்கும் சாப்பாடும் சத்தமும் அடங்கி, நாங்கள் இரண்டு பேரும் முதல்முறையாகத் தனியே இருந்த நேரத்தில், அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று நான் பயந்துகொண்டிருந்தேன். ஞாயிறு தோறும் கேட்டதைத் தகப்பன் வீட்டில் வந்து ஒப்புவித்திருக்கிறார்; அவள் நாலு கிழமையாக அதைத் தொடராகக் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். கச்சேரியில் தெரியவந்த கோழிக்காரரோடு கதை அறுந்துபோயிருக்கிறது. என்னிடம் அவள் பேசிய முதல் வார்த்தை இது:

"கோழிக்காரருக்குப் பிறகு ஆர்?"

விடியும்வரை சொன்னேன் என்று எழுதினால் அழகாக இருக்கும். அரை மணித்தியாலத்தில் முடிந்துவிட்டது. கோழிக்காரரின் மகன் குதிரைப் பந்தயத்தில் காட்டை விட்டார். அவர் மகன் வீட்டுக் கூரையைச் செப்பனிடுவதற்காகக் குளத்தை விற்றார். கடைசியாக இருந்த சேர், நூற்றிருபது யன்னல் உள்ள வீட்டில் இரண்டு அறையில் சீவித்துக்கொண்டு, மிச்சத்தை ஒரு பள்ளிக்கூடத்துக்கு வாடகைக்கு விட்டிருந்தார். அவருக்கும் ஆண்பிள்ளை இல்லை. அதோடு பக்கம் முடிகிறது. அவள் புத்தகத்தை வாங்கி, நான் இன்னும் எதையாவது மாற்றியிருக்கிறேனோ என்று தானே ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் படுத்தாள்.

மாமா இளைப்பாறியதும் உடையார் வேலை வேறு ஊர்க்காரர் ஒருவருக்குப் போனது.  வருசங்கள் ஓடின, சண்டையும் வந்து, அரிசி கூப்பனுக்கு வந்தது. நான் அதே கந்தோரில், அதே மேசையில், அதே மைக்கூட்டோடு இருந்தேன். எனக்குப் பின்னால் வந்த மூன்று பேர் எனக்கு மேலே போய்விட்டார்கள்.

அப்படி மூன்றாமவர் மேலே போன கிழமை ஒருநாள், மாமா எங்கள் வீட்டுக்கு வந்து, பலாப்பழம் வெட்டி, சுளை எடுத்துக்கொண்டிருந்தார். இத்தனை வருசமாகக் கேட்காமல் வைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன். நான் பொய்காரன் என்று துரைக்கு முன்னாலேயே தெரிந்த பிறகும், ஏன் மாமா எனக்குப் பெண்ணைத் தந்தீர்கள்?

அவர் கையில் ஒட்டியிருந்த பலாப்பாலைத் தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்தார். 

"அண்டைக்கு ஒரு பக்கம் துரை, ஒரு பக்கம் நான். நடுவிலை நிண்டு முழி பிரளாமல் ரண்டு பொய் சொன்னீர். இந்தப் பெடியன் கந்தோரிலை எங்கையோ போகப்போறான் எண்டு நினைச்சுத்தான் தந்தனான், தம்பி. அதுவும் பிழையாப் போச்சு."